கிரானைட்டும் காஸ்மிக் கதிரும் கம்ப்யூட்டரைக் கெடுக்குமா?

மேலூர்ப் பக்கம் குவாரிக்கு அருகில் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டிருப்பது இதுதான். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என்று ஓடும் கடை. இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, பெரும்பாலும் சாயங்காலம் கூட்டம் சேரும் நேரத்தில், நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. கணக்கு ஃபைல் இரண்டு முறை திறக்காமலே போய்விட்டது. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் அப்படியேதான் இருக்கிறது. சுற்றிலும் கிரானைட், கடைத் தரையும் கிரானைட். கல்லிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் கதிர்வீச்சு மெமரியில் இருக்கும் ஒன்றைச் சைபராக்கிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். கேபினெட்டைச் சுற்றி ஈயத்தகடு அடிக்கலாமா, இல்லை கடையையே மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. இயற்கையாகவே நம்மைச் சுற்றி இருக்கும் கதிர்வீச்சு சாதாரணக் கம்ப்யூட்டரில் பிழை உண்டாக்குமா என்பது ஒன்று. உங்கள் கடை மெஷினைப் படுத்துவது அதுதானா என்பது இன்னொன்று. முதலாவது உண்மை. நாற்பது ஐம்பது வருடமாகச் சோதித்து உறுதிசெய்த விஷயம். இரண்டாவதற்கு, ஏறக்குறைய நிச்சயமாக இல்லை என்றுதான் சொல்வேன். நான் இயற்பியல் படித்துக் கொஞ்ச காலம் கதிர்வீச்சு உணரிகளோடு வேலை பார்த்தவன். அப்புறம் மதுரையில் ஒரு கல்லூரியின் சர்வர்களையும் லேப் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து நெடுநாள் ஆகிறது. அதனால் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஈயத்தகட்டுக்குப் பணம் செலவழிக்கும் முன் படித்துவிடுங்கள்.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் மிகச்சிறிய ஒரு மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். ஒன்றா சைபரா என்பது அங்கே சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதுதான். பிராசஸருக்குள் இருக்கும் கேச் மெமரி வேறு வகை. அங்கே ஒரு பிட்டைப் புரட்ட அதைவிடக் குறைவாக, சில ஆயிரம் எலக்ட்ரான் அளவு கலக்கமே போதும். மின்னூட்டம் உள்ள ஒரு துகள் சிலிக்கானுக்குள் பாய்ந்தால், அது இழக்கும் ஒவ்வொரு 3.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் விடுபட்ட ஓர் எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமான ஒரு துளையும் இணையாகப் பிறக்கும். யுரேனிய, தோரிய வழியில் வரும் ஓர் ஆல்பா துகளின் ஆற்றல் 5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய பதினாலு லட்சம் இணைகள். அத்தனையையும் 25 மைக்ரான் தூரத்துக்குள் கொட்டிவிடும். அந்தப் பாதை ஒரு மெமரி செல்லை ஒட்டிப் போனால் அங்கிருந்த ஒன்று சைபராகும், சைபர் ஒன்றாகும். சிப்புக்குச் சேதம் எதுவும் இல்லை. அதே இடத்தில் மறுபடி எழுதினால் ஒழுங்காக நிற்கும். அதனால்தான் இதைச் சாஃப்ட் எரர் என்கிறார்கள். சிப்பே பழுதாகி, திரும்பத் திரும்ப அதே இடத்தில் தவறினால் அது ஹார்டு எரர். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடை விவகாரம் முழுக்க இதில்தான் தொங்குகிறது.

இது முதலில் பிடிபட்ட கதை சுவாரஸ்யமானது. 1970களின் பிற்பகுதியில் இன்டெல் தயாரித்த மெமரி சிப்புகள் காரணமே இல்லாமல் தவறின. டிமோத்தி மே, முர்ரே உட்ஸ் என்ற இருவர் தேடிப் போய், சிப்பை மூடியிருந்த செராமிக் உறைக்குள்ளேயே யுரேனியமும் தோரியமும் துளி அளவு கலந்திருப்பதை 1978இல் கண்டு சொன்னார்கள். எதிரி வெளியே இல்லை, உறைக்குள்ளேயே இருந்தான். அதற்குப் பிறகு உறைக்கும் ஈயப் பற்றுக்கும் கதிரியக்கம் குறைந்த பொருளாகப் பார்த்து வாங்குவது சிப் தொழிலில் வழக்கமாகிவிட்டது. 1979இல் ஐபிஎம்மின் ஜேம்ஸ் சீக்ளரும் லான்ஃபோர்டும் சேர்ந்து, உறையைச் சுத்தமாக்கினாலும் போதாது, வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிரும் இதையே செய்யும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

காஸ்மிக் கதிர் நேராக வந்து சிப்பைத் தாக்குவதில்லை. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் மேல் வளிமண்டலத்தில் காற்றின் அணுக்கருக்களை மோதி உடைக்கின்றன. சிதறல்கள் இன்னும் பலவற்றை உடைத்து, கடைசியில் தரைக்கு வந்து சேருவதில் முக்கியமானவை நியூட்ரான்களும், எலக்ட்ரானுக்குக் கனமான உறவுக்காரர்களான மியுவான்களும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. சிப்பைச் சும்மா ஊடுருவிப் போய்விடும். ஆனால் பல்லாயிரத்தில் ஒன்று, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் நேராகப் போய்க் காயை அடிப்பதுபோல, ஒரு சிலிக்கான் அணுக்கருவை அடித்துவிடும். உதைபட்ட கருவோ அதன் உடைந்த துண்டோ அங்கேயே மின்னூட்டத்தைக் கொட்டும். பிட் புரளும். இன்றைக்குத் தரையில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு வானத்திலிருந்து வரும் தொல்லை என்று எடுத்தால் முதலிடம் இந்த நியூட்ரானுக்குத்தான்.

சரி, உங்கள் கிரானைட்டுக்கு வருவோம். மேலூர்க் கல்லில் பொட்டாசியம்-40, யுரேனியம், தோரியம் எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. எந்த ஊர்க் கிரானைட்டிலும் இருக்கும். ஆனால் அதிலிருந்து புறப்படும் ஆல்பா துகள் காற்றில் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும், ஒரு காகிதத்தைத் தாண்டாது. தரைக்கும் சிப்புக்கும் நடுவே கேபினெட் தகடு, காற்று, அப்புறம் சிப்பின் கறுப்பு எபாக்சி உறை. எதையும் அது தாண்டப்போவதில்லை. கல்லிலிருந்து கசியும் ரேடான் வாயுவும் அதன் வழித்தோன்றல்கள் ஒட்டிய தூசியும் மதர்போர்டு மேலேயே படிந்தாலும் கதை அதுதான். எபாக்சிக்குள் நுழைவதற்குள் ஆல்பா செத்துவிடும். பழைய இன்டெல் சிப்புகளுக்கு அது தொல்லை கொடுத்தது, உறைக்குள்ளேயே, சிலிக்கானை ஒட்டியே இருந்ததால்தான்.

காமா கதிர் உள்ளே வரும், உண்மைதான். ஆனால் அது பிட்டைப் புரட்டாது. காமா சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். அந்த எலக்ட்ரான் வேகமாக ஓடும்போது ஒரு மைக்ரானுக்கு நூறு இணைபோல மெல்லிய தடத்தைத்தான் விட்டுப்போகும். ஆல்பா துகளின் தடத்தில் ஒரு மைக்ரானுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். ஒரே ஓட்டத்தில் போதிய மின்னூட்டம் ஒரே இடத்தில் விழாவிட்டால் செல் தன் நிலையில் நிற்கும். எவ்வளவு காமா மொத்தமாக வந்தது என்பது இங்கே பொருட்டில்லை.

மொத்த அளவு எங்கே பொருட்டு என்றால், சிப்பின் ஆயுளில். கதிர்வீச்சு சேர்ந்து சேர்ந்து டிரான்சிஸ்டர்களின் குணத்தை மாற்றும். உள்வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. சாதாரணக் கடைச் சிப்பே பத்துக்கணக்கான கிரே அளவு வாங்கிய பிறகுதான் தடுமாற ஆரம்பிக்கும். கிரானைட் பகுதியில் ஒரு வருடத்துக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மில்லிகிரே என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அங்கே போய்ச் சேரப் பல்லாயிரம் வருடம் ஆகும். ஆகவே தரையைப் பெயர்க்க வேண்டாம், கடையை மாற்றவும் வேண்டாம். கடற்கரை மணலில் தோரியம் நிறைந்த மணவாளக்குறிச்சியில் கடை வைத்திருந்தாலும் கம்ப்யூட்டர் விஷயத்தில் இதையேதான் சொல்லியிருப்பேன். மனிதருக்கு என்ன என்பது தனிக் கேள்வி. குவாரித் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது கதிர்வீச்சால் வருவதில்லை.

மியுவானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடியோக்களில் அதைத்தான் காட்டுவார்கள். தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மியுவான்கள் விழுகின்றன. உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஒன்றுக்கு மேல் துளைத்துப் போகும். மதுரையிலேயே மினி-ஐகால் என்ற 85 டன் இரும்புக் கருவி இந்த மியுவான்களைப் பதிவு செய்திருக்கிறது. போடி பக்கம் பொட்டிப்புரம் மலைக்குள் திட்டமிட்ட, இன்னும் அமையாத நியூட்ரினோ ஆய்வகத்துக்கான முன்னோட்டக் கருவி அது. அந்த ஆய்வகத்துக்கு மலையைத் தேடிப் போனதே, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் மியுவான் மழை லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறையும் என்பதால்தான். எண்ணிக்கையைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் வேகமாகப் போகும் மியுவானும் அந்தக் காமா எலக்ட்ரானைப் போலவே மெல்லிய தடம்தான் விடும், பெரும்பாலும் பிட்டைப் புரட்டாது. வேகம் இழந்து சிப்புக்குள்ளேயே நிற்கப்போகும் மியுவான் மட்டும், அதுவும் மிக நுண்ணிய புதுத் தலைமுறைக் கேச் செல்களில், கொஞ்சம் கவனிக்கத்தக்கது.

ஊர் எங்கே இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் நிஜமாகவே முக்கியம், இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிரை வளைத்துத் திருப்பிவிடும். துருவப் பக்கம் அந்தக் காவல் தளர்வு, புவிகாந்த நடுக்கோட்டுப் பக்கம் மிகப் பலம். அந்தக் கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால்தான் திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் தலைக்கு மேல் நேராக இறங்க வேண்டுமானால் ஒரு புரோட்டானுக்குச் சுமார் 17 ஜிகாவோல்ட் காந்த விறைப்பு, அதாவது காந்தப்புலத்தின் வளைப்பை எதிர்த்து வரும் பலம், வேண்டும். நியூயார்க்கில் இரண்டு மூன்று இருந்தால் போதும். தரைமட்ட நியூட்ரான் அளவுக்கு உலகம் முழுக்க ஒப்பிடும் அளவுகோல் நியூயார்க்தான். அங்கே ஆற்றல் மிகுந்த நியூட்ரான்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்குச் சுமார் 13. மதுரையில் ஏறக்குறைய அதில் பாதி. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்பார்கள். சூரியத் துகள்கள் பெரும்பாலும் இந்த 17 ஜிகாவோல்ட் வாசலைத் தாண்டும் பலம் இல்லாதவை. நம் ஊர்த் தரையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அவற்றால் பயம் இல்லை.

உயரம் கணக்கை மாற்றும். காற்றுதான் நமக்கு மேல் கூரை. மேலே போகப் போகக் கூரை மெலிகிறது. கொடைக்கானலுக்கு ஏறினால் நியூட்ரான் தோராயமாக நாலைந்து மடங்காகும். ஏறக்குறைய கொடைக்கானல் உயரமே இருக்கும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஊரில்தான் இதற்கு நல்ல சான்று கிடைத்தது. 1976இல் அங்கே போய்ச் சேர்ந்த முதல் கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பிழையைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தது, திருத்தும் வசதி இல்லை. ஆறு மாத ஓட்டத்தில் 152 மெமரிப் பிழைகள். பின்னாளில் அந்தப் பதிவுகளை எடுத்து அலசியவர்கள் காஸ்மிக் கதிர் நியூட்ரான்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுத்து வந்த கிரே இயந்திரங்களில் திருத்தும் வசதி சேர்ந்துவிட்டது. அதே ஊரில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஓடிய கியூ என்ற சூப்பர் கம்ப்யூட்டரும் கேச் பிழைகளால் அடிக்கடி படுத்தது. அதன் பாகங்களை நியூட்ரான் கற்றையில் வைத்துச் சோதித்து, காரணம் அதுதான் என்று உறுதிசெய்தார்கள். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இந்த வகைச் சான்றுதான்: உயரத்துக்குக் கொண்டுபோனால் பிழை கூடுகிறது, பாறைக்கு அடியில் வைத்தால் மறைகிறது, கற்றையில் வைத்தால் கணக்குப்படி புரள்கிறது. ஐபிஎம் பல வருடம் இந்த மூன்றையும் செய்து பார்த்தது.

சரி, சாதாரண ஒரு கம்ப்யூட்டரில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை? 256 எம்பி மெமரிக்கு மாதம் ஒரு பிழை என்று ஒரு கணக்கு இணையத்தில் விடாமல் சுற்றுகிறது. அது 1990களின் மெமரியை வைத்துச் சொன்னது. இன்றைய 8 ஜிபி மெஷினுக்கு அப்படியே பெருக்கினால் நாளுக்கு ஒன்று வரும். அப்படி நடப்பதே இல்லை. பிழை திருத்தும் மெமரி போட்ட சர்வர்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவில் எழுதி வைக்கும். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் ஆரோக்கியமான மெமரி மாதக்கணக்கில் ஒன்றுகூடக் காட்டாது. செல் சுருங்கச் சுருங்க, துகள் வந்து விழும் பரப்பும் சுருங்கிவிட்டதால், ரேமில் ஒரு பிட்டுக்கான ஆபத்து தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சிப் தொழிலில் நூறு கோடி மணி நேரத்துக்கு எத்தனை தவறு என்பதை ஃபிட் என்ற அலகால் சொல்வார்கள். ஒரு மெஷின் மொத்தத்துக்கும் 1,000 ஃபிட் என்றால் 114 வருடத்துக்கு ஒரு தடவை, 10,000 ஃபிட் என்றால் பதினோரு வருடத்துக்கு ஒரு தடவை. சிப்புக்குச் சிப், தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மிகவும் மாறும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று என்பது எந்தக் கணக்குக்கும் பக்கத்தில்கூட வராது. புரண்ட பிட்டும் எல்லாம் தெரிய வராது. பயன்படாத இடத்தில் இருந்திருக்கலாம், படத்தில் ஒரு புள்ளியின் நிறமாக இருந்திருக்கலாம், யாரும் படிப்பதற்குள் வேறொன்று அதன் மேல் எழுதப்பட்டிருக்கலாம்.

கூகுள் தன் சர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் உதவும். வருடத்துக்கு மூன்றில் ஒரு மெஷின் ஏதாவது ஒரு மெமரிப் பிழையையாவது பார்த்தது, அதுவரை நினைத்திருந்ததைவிட மிக அதிகம். ஆனால் அந்தப் பிழைகள் எல்லா மெஷினிலும் சிதறிக் கிடக்கவில்லை. ஒரு முறை தவறிய ரேம் துண்டே மறுபடி மறுபடி தவறியது. காஸ்மிக் கதிர் எந்த ரேமையும் தேடிப் பிடித்துத் திரும்ப அடிக்காது. ஆகவே பெரும்பாலானவை சிப்பின் பழுது, அதாவது ஹார்டு எரர், என்று முடிவு செய்தார்கள். சூடு கூடினால் பிழை கூடும் என்ற பொது நம்பிக்கையையும் அவர்கள் பார்த்தார்கள். வேலைப்பளுவைக் கணக்கில் எடுத்த பிறகு சூட்டின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகவே இருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயில் பவர் சப்ளையையும் யுபிஎஸ் பேட்டரியையும் வாட்டுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். ரேமை அந்த அளவுக்குக் குறை சொல்ல முடியாது.

வீடியோவில் வரும் பிரபலமான சம்பவங்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் பெல்ஜியத்தில் ஸ்கார்பெக் என்ற இடத்தில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. அது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு, அதாவது ஒரே ஒரு பிட் புரண்டதற்கான கையெழுத்து. மென்பொருளில் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை, திரும்ப நடத்தியும் வரவில்லை. பிட் புரண்டது என்பது வலுவான முடிவு. புரட்டியது காஸ்மிக் கதிர் என்பது வேறு எதுவும் அகப்படாததால் செய்த ஊகம். 2008 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு மேல் குவாண்டாஸ் 72 விமானம் திடீரென்று மூக்கைக் கவிழ்த்தபோதும், விசாரணை இந்தச் சாத்தியத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, உறுதிசெய்யச் சான்று போதாது என்றே எழுதியது. 2025 நவம்பரில் தீவிரமான சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுத் தரவைக் கெடுக்கக்கூடும் என்று சொல்லி, ஏர்பஸ் நிறுவனம் ஏ320 குடும்பத்தில் சுமார் ஆறாயிரம் விமானங்களுக்கு மாற்றம் செய்யச் சொன்னது. நம் நாட்டு விமானங்களும் அதில் உண்டு. விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் நியூட்ரான் தரையைவிட நூறு மடங்குக்கு மேல். அங்கே இது அன்றாட வடிவமைப்புப் பிரச்சினை. எந்த ஒரு தனிச் சம்பவத்தையும் நடந்து முடிந்த பிறகு இது கதிர்தான் என்று நிரூபிக்கவே முடியாது, துகள் தடம் எதையும் விட்டுப்போவதில்லை. ஆயிரம் மெஷினின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லலாம், ஒரு மெஷினின் ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது.

இனி உங்கள் கடை. நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சாயங்காலம் என்ற சொல். காஸ்மிக் கதிருக்குச் சாயங்காலம் கிடையாது. தரைமட்டத்தில் அதன் தினசரி ஏற்ற இறக்கம் நூற்றில் சில பங்கைத் தாண்டாது. கரண்டுக்குத்தான் சாயங்காலம் உண்டு. ஊர் முழுக்க விளக்கும் மோட்டாரும் ஓடும், லைனில் வோல்ட்டேஜ் இறங்கும், உங்கள் கடையில் ஜெராக்ஸ் மெஷின் நிற்காமல் ஓடும். அதன் உள்ளே மையை உருக்கும் சூட்டு உருளை சில நொடிக்கு ஒரு முறை கரண்டைச் சடாரென்று இழுக்கும். நாளைக்குச் சாயங்காலம் ஜெராக்ஸ் ஓடும்போது டியூப்லைட்டையோ பல்பையோ கவனியுங்கள், லேசாக மங்கி மங்கி வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஜெராக்ஸையோ லேசர் பிரிண்டரையோ கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸிலேயே சொருகியிருந்தால் முதல் வேலையாகக் கழற்றித் தனி லைனில் போடுங்கள். இதே கோலத்தில் நான் பார்த்த கடைகளிலும் அலுவலகங்களிலும் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலேயே சரியாகியிருக்கின்றன.

எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, அதே சாயங்கால நேரத்தில் மீட்டர் வைத்து பேஸ்-நியூட்ரல் வோல்ட்டேஜையும் நியூட்ரல்-எர்த் வோல்ட்டேஜையும் எழுதி வாங்குங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் சரியில்லை அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. பாறை நிலத்தில் எர்த் குழி நன்றாக அமைவது கஷ்டம், வெயிலில் காய்ந்தும் போகும். கிரானைட் உங்களைத் தொல்லைப்படுத்தும் வழி ஒன்று உண்டென்றால் அது இதுதான். யுபிஎஸ் பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். உள்ளே இருக்கும் பவர் சப்ளை, அதாவது எஸ்எம்பிஎஸ், கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவு வகை என்றால் நல்லதாக ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

அடுத்து ரேம். கரண்டை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, துண்டைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பாருங்கள். குவாரித் தூசு இருக்கும் இடத்தில் அது மங்கலாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் கிளிக் என்று விழும்படி மாட்டுங்கள். அன்றிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் போட்டு விடியும்வரை ஓட விடுங்கள். தவறு வந்தால் சிவப்பு வரியில் முகவரியோடு காட்டும், அந்தத் திரையை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஓட்டும்போது அதே முகவரி, அல்லது அதற்குப் பக்கத்திலேயே, அதே பிட் என்றால் அது ரேமின் பழுது. துண்டை மாற்றினால் தீர்ந்தது. கதிர் புரட்டிய பிட் என்றால் ஒரு முறை வந்ததுதான், இரண்டாம் முறை அதே இடத்தில் வராது. ஓர் இரவு முழுக்க ஓட்டினாலும் பெரும்பாலும் ஒன்றுகூடக் காட்டாது.

கணக்கு ஃபைல் போனதும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன், ஆனால் இதில் எனக்கு முழு உறுதி இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றால் ஃபைல் பாதியில் அறுந்துவிடும். டிஸ்க்கும் காரணமாக இருக்கலாம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, பழுதானதால் மாற்றப்பட்ட செக்டார் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதா, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போய்வரும்போது நேரும் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். பின்னது ஏறினால் பத்தில் ஒன்பது தடவை குற்றம் கேபிளில்தான் இருக்கும். எது எப்படி இருந்தாலும் கணக்கு ஃபைலை நாள்தோறும் கடை மூடும்போது வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிரதியை ஒரே பெயரில் மேலே மேலே எழுதாமல் தேதி போட்டுத் தனித்தனியாக வைப்பது முக்கியம், கெட்ட ஃபைல் நல்ல பிரதியை விழுங்கிவிடக்கூடாது.

ஈயத்தகடு வேண்டாம். தொல்லை தரும் நியூட்ரானை ஈயம் நிறுத்தாது. காஸ்மிக் கதிரை அளக்கும் நியூட்ரான் மானிட்டர்களில் உணரியைச் சுற்றி ஈயத்தைத்தான் அடுக்குவார்கள். வேகமான துகள் ஈயக் கருவை மோதினால் இன்னும் பல நியூட்ரான்கள் சிதறும், எண்ணிக்கை பெருகும் என்பதற்காக. மெல்லிய தகடு பெரிதாகக் கெடுக்காது, ஆனால் ஒரு பயனும் இல்லை. காற்றோட்டம் அடைபடும், கையில் ஈயம் ஒட்டும். நியூட்ரானைக் குறைக்க எடைதான் வேண்டும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒன்று ஐந்தில் ஒரு பங்குபோலக் குறைக்கும், அவ்வளவுதான். மாடிக்குக் கீழே கடை இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு ஏற்கெனவே கிடைக்கிறது.

உண்மையில் பயன் தருவது பிழை திருத்தும் மெமரி, இசிசி என்பார்கள். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக எழுதி, ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். புரட்டியது கதிரா, பழுதடைந்த சிப்பா, தளர்ந்த பல்லா என்று அது பார்ப்பதில்லை, அதுதான் அதன் பலம். மருத்துவமனைப் பதிவு, வங்கிக் கணக்கு, ஆராய்ச்சித் தரவு வைத்திருக்கும் யாரும் இது இல்லாமல் சர்வர் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இதைப் பெரும்பாலும் தராமல் விட்டது வருத்தப்பட வேண்டிய விஷயம். புதிய டிடிஆர்5 ரேமில் சிப்புக்குள்ளேயே இசிசி இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார். அது சிப்புக்கு உள்ளே வரும் பிழையை மட்டும் திருத்தும், வழியில் வருவதைப் பார்க்காது, திருத்தியதை விண்டோஸுக்குச் சொல்லவும் செய்யாது. முழு இசிசி வேறு. உங்களுக்கு இப்போதைக்கு அது அவசியமில்லை. அடுத்த முறை கணக்கு வேலைக்கென்று மெஷின் மாற்றும்போது, கம்பெனிகள் கழித்துவிட்ட இசிசி மெமரி போட்ட பழைய வொர்க்ஸ்டேஷன் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தால் விசாரியுங்கள், புது மெஷினைவிட மலிவாகவே முடியலாம்.

இங்கிருந்தபடி உங்கள் மெஷினைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே ஜெராக்ஸைத் தனி லைனுக்கு மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் நின்றால் மூன்று விவரம் எழுதுங்கள்: சாயங்கால மீட்டர் கணக்கு, மெம்டெஸ்ட் திரையின் ஃபோட்டோ, நீலத்திரையில் கடைசி வரியில் வரும் பெயர். நீலத்திரை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் காட்டினால் ரேம் அல்லது பவர், ஒரே பெயரைக் காட்டினால் அநேகமாக ஏதோ ஒரு டிரைவர். அதைப் பார்த்துவிட்டு அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.